என் பாடத்திட்டமும் அப்பாவின் வாய்தாவும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சென்ற ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், பொறியாளர் வேலையை விடாமலே பகுதி நேரமாகச் சட்டப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன்.

2. திருக்காட்டுப்பள்ளிக்குத் தெற்கே எங்கள் ஊரில் நெல் விவசாயம் செய்யும் அப்பாவிடம் போனில் சொன்னேன். "சரிம்மா, உடம்பைப் பாத்துக்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் பத்துக் கேள்வி கேட்கும் மனிதர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

3. அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும், அதாவது என் சித்தப்பாவுக்கும், ஒரு வாய்க்கால் குறித்து முன்சீப் கோர்ட்டில் வழக்கு இருந்தது. ஊரில் நாலு பேர் பேசி அது சமரசத்துக்கு வந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில் அப்பா போகவில்லை.

4. அந்த ஆண்டே சித்தப்பா தன் மகள் கயல்விழியைச் சட்டக் கல்லூரியில் சேர்த்தார். கயல் தாவரவியல் முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள்.

5. இந்த ஆண்டு ஜூலையில், இரண்டாம் பருவத்துக்கான பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யும்படி பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது.

6. மூன்றாவதும் நான்காவதும் ஐந்தாவதும் ஒரே விஷயம் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வேலை

நான் பெர்த்துக்கு வந்து இந்த ஜூலையோடு ஐந்து ஆண்டுகள் முடிந்தன. ஜூலை இங்கே குளிர்காலம். மழைக்காலமும் அதுதான். ஊரில் ஆடிக் காற்றில் புழுதி பறக்கும்போது இங்கே நான் குடையோடு பஸ்ஸுக்கு நிற்பேன். நகரத்துக் குடிநீர்க் குழாய்களில் இருக்கும் பம்புகளையும் வால்வுகளையும் கணினித் திரையில் கவனித்துக்கொள்ளும் நிறுவனம் ஒன்றில் வேலை. எந்த வால்வு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது திரையில் பச்சையாகவும் சிவப்பாகவும் தெரியும். அப்பா இதை டீக்கடையில் விளக்கும் விதம் வேறு: "ஒரு பட்டணத்துக்கே தண்ணி திறந்து விடறா என் பொண்ணு. எங்க கடைமடைக்குத்தான் வரமாட்டேங்குது."

சட்டம் படிக்கத் தோன்றியதற்கு ஒரு கம்பளக் கடைதான் காரணம். ஒரு குழாய் வெடித்து அந்தக் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைக்காரரின் வழக்கறிஞர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என்னிடம் கேட்டார்: வால்வு மூடியிருந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? திரையில் சிவப்பாக இருந்தது என்றேன். திரைக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. வால்விலிருந்து சென்சார், சென்சாரிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து திரை என்று அன்று மாலை பஸ்ஸில் முழுக்க அந்தக் கேள்வியையே ஓட்டிக்கொண்டு போனேன். இப்படிக் கேட்பதற்கே ஒரு படிப்பு இருக்கிறது என்றால் அதைப் படிக்க வேண்டும் என்று இருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை. வாய்க்கால் என் நினைவிலேயே இல்லை.

வாய்க்கால்

பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து வயல் வயலாகப் போகும் சிறிய வாய்க்காலைக் கன்னி வாய்க்கால் என்போம். எங்களுடையது முதலில் சித்தப்பாவின் வயலுக்குப் போய், பிறகு எங்கள் வயலுக்கு வருகிறது. பாகம் பிரித்தபோது தம்பிக்கு மேல் பங்கு, அண்ணனுக்குக் கீழ்ப் பங்கு. சாலை எங்கள் பக்கம். தண்ணீர் அவர் பக்கம்.

சித்தப்பா டிராக்டர் போவதற்காக வாய்க்காலின் குறுக்கே மண்ணைக் கொட்டி, அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்தார். எங்களுக்குத் தண்ணீர் குறைந்தது. கயல் அனுப்பிய போட்டோவில் குழாயைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தேவையில் பாதிகூட வராது. அப்பா பதிலுக்குச் சாலையோரம் முள்வேலி போட்டார். சித்தப்பாவின் வயலுக்கு அறுவடை மெஷின் போக முடியவில்லை. ஆக, தண்ணீர் மேலிருந்து கீழே வர வேண்டும், மெஷின் கீழிருந்து மேலே போக வேண்டும். ஆளுக்கொரு வழியை அடைத்துவிட்டு இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

பேசி வைத்திருந்த சமரசம் இதுதான்: சித்தப்பா அகலமான சிமென்ட் குழாய் பதிப்பார், அப்பா வேலியை எடுப்பார். இரண்டும் சேர்த்து ஒரு நாள் வேலை.

வழக்கு ஆண்களுடையது. அம்மாவும் சித்தியும் மகளிர் குழுக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள்.

பாடங்கள்

இங்கே சட்டப் படிப்பில் இரண்டு வகைப் பாடங்கள் உண்டு. கட்டாயப் பாடங்கள்: ஒப்பந்தம், குற்றம், சொத்து, சான்று, அரசமைப்பு, தொழில்நெறி என்று ஒரு வரிசை. எல்லாவற்றையும் முடித்தால்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியும். விருப்பப் பாடங்கள்: விளையாட்டுச் சட்டம் முதல் விண்வெளிச் சட்டம் வரை. இதில் எது எந்தப் பருவத்தில் நடக்கும், எதற்கு முன்னால் எதை முடித்திருக்க வேண்டும், எந்த இரண்டு ஒரே நேரத்தில் வந்து மோதும் என்பதையெல்லாம் பார்த்துத் திட்டம் போட வேண்டும். நான் கட்டங்கள் போட்டு, வண்ணங்கள் கொடுத்து, ஒரு பெரிய அட்டவணை தயாரித்தேன். இந்தக் காரியத்தில் எனக்கு ஒரு சுகம் உண்டு.

பொறியியல் பட்டத்தைக் காட்டினால் சில விருப்பப் பாடங்களைக் கழித்துக்கொள்வார்கள். அப்படி என் சட்டப் படிப்பில் ஏற்கெனவே தேறியதாகக் குறிக்கப்பட்டவற்றில் திரவ இயக்கவியலும் ஒன்று. இதைக் கேட்டு அப்பா, "பாத்தியா, சட்டத்துல தண்ணி இருக்கு" என்றார்.

அவருக்காக அட்டவணையைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். கடைவீதியில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பற்றிப் பேசுவார். எனக்கு மதியம், அவருக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். பருவங்களை அவர் தனக்குத் தெரிந்த வகையில் புரிந்துகொண்டார். ஜூலைக் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை நடக்கும் இரண்டாம் பருவம் சம்பா. பிப்ரவரியில் தொடங்கும் முதல் பருவத்துக்குக் குறுவை என்று பெயர் வைத்தார். மாதம் ஒத்துவரவில்லையே என்றேன். மாதம் எப்படியிருந்தாலும் குணம் ஒத்துவருகிறது என்றார். ஜனவரியில் சில வாரங்களில் ஒரே பாடத்தை முடித்துவிடும் கோடை வகுப்பு, சம்பா அறுப்புக்குப் பின் ஈரம் காயுமுன் தெளிக்கும் உளுந்து.

"சொத்துச் சட்டம் கனமான பயிரு. அதைச் சம்பாவுல வை. தொழில்நெறின்னு ஒண்ணு போட்டிருக்கே, அது சும்மா ஒழுக்கமா இருக்கணும்னு சொல்றதுதானே? அதை உளுந்தாத் தெளிச்சு விட்டுடு."

சிரித்துவிட்டு, அவர் சொன்னபடி என் வேலை நேரங்களோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. என் அட்டவணையைவிட ஒரு மோதல் குறைவாகவே இருந்தது. சென்ற ஜனவரியில் தொழில்நெறியை அப்படித்தான் முடித்தேன்.

ஆலோசகர்

பாடத் தேர்வில் ஐயம் உள்ளவர்கள் ஆலோசகரைப் பார்க்கலாம் என்று ஜூலை மின்னஞ்சலில் இருந்தது. இதைச் சொன்னதும் அப்பா தானும் வருவதாகச் சொன்னார், வீடியோவில். பெண்ணின் படிப்பு விஷயமாகப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் தகப்பன் போகாமல் இருப்பானா என்பது அவர் கேள்வி. நான் முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன்.

எப்படியோ ஒப்புக்கொண்டு ஆலோசகருக்கு எழுதினேன். மாணவரின் சம்மதம் இருந்தால் மூன்றாம் நபர் கலந்துகொள்ளலாம் என்று ஒரு படிவத்தை இணைத்துப் பதில் வந்தது. மூன்றாம் நபருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற இடத்தில் தந்தை என்று எழுதினேன். சந்திப்பின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் அவரை வெளியேற்ற எனக்கு உரிமை உண்டு என்று அதில் போட்டிருந்தது. அதை அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

ஆலோசகர் ஹெலன், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். கோதுமை விவசாயக் குடும்பம் என்று சொன்னார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நின்றிருந்தார். பின்னால் காய்ந்த வாய்க்கால். வேண்டுமென்றே அங்கே நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. வணக்கம் சொன்னார். ஹெலன் கை கூப்பினார். அவர்கள் இருவருக்கும் நான் மொழிபெயர்ப்பாளர். என் படிப்பைப் பற்றி என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

வாய்க்கால் சட்டம் எந்த வருடம் சொல்லித் தருவார்கள் என்று கேட்கச் சொன்னார் அப்பா. ஹெலன் தேடிப் பார்த்து, தண்ணீர் மற்றும் இயற்கை வளச் சட்டம் என்று ஒரு விருப்பப் பாடம் இருப்பதாகவும், ஆள் பற்றாக்குறையால் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடப்பதாகவும் சொன்னார். அப்பா தலையாட்டினார். "முறை வச்சு விடறாங்க" என்றார். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருந்தால் இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். அதை விளக்கினேன். பல்கலைக்கழகத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார் ஹெலன்.

பிறகு ஹெலன் தன் திரையில் என் பாடங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அடுக்க அடுக்க, கீழே படிப்பு முடியும் ஆண்டு தானாக மாறிக்கொண்டே போனது. அந்தத் திரை அப்பாவுக்கும் தெரிந்தது. ஆங்கில எழுத்து வராவிட்டாலும் ஆண்டை வாசிக்கத் தெரியும்.

"இன்னும் நாலு வருஷமா? வக்கீல்ட்ட ரெண்டுன்னுல்ல சொல்லி வச்சிருக்கேன்."

"எந்த வக்கீல்ட்டப்பா?"

"நம்ம வக்கீல்ட்டதான். மகள் படிச்சிட்டு வர்ற வரைக்கும் வாய்தா வாங்கிட்டே இருங்கன்னு சொல்லிருக்கேன். கையெழுத்துக்குக் கூப்பிட்டானுவ. நான் எதுக்குப் போவணும்? என் பொண்ணு வருது, அது வந்து பேசும்னுட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டால் முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு தள்ளிப்போகிறது. நான் வண்ணம் கொடுத்து வைத்திருந்த அட்டவணை ஒரு வழக்கின் கால அட்டவணை.

அவர் என்ன சொல்கிறார் என்று ஹெலன் கேட்டார். இன்னும் சீக்கிரம் முடிக்க வழியுண்டா என்று கேட்கிறார் என்றேன். அது பொய்யில்லை. ஹெலன் வாய்க்காலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் பயிர் எத்தனை நாள் காத்திருக்கும் என்று விசாரித்தார். கேட்டுச் சொன்னேன்.

"பயிர் எப்படிக் காத்திருக்கும்? கேஸ்தான் காத்திருக்கும்" என்றார் அப்பா.

அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். ஹெலன் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். தன்னை ரசித்தார் என்று அப்பாவும் சிரித்தார்.

ஆம் அல்லது இல்லை

அடுத்த நாள் ஹெலனிடமிருந்து தனியாக ஒரு மின்னஞ்சல். உங்கள் தந்தை மிக அன்பானவர் என்று தொடங்கி, எதற்கும் இதைப் பார்த்துவையுங்கள் என்று ஓர் இணைப்பு கொடுத்திருந்தார். குடும்ப அழுத்தத்தில் இருக்கும் மாணவர்களுக்கான பக்கம் அது. உங்கள் பாடங்களை வேறு யாராவது தேர்ந்தெடுக்கிறார்களா, ஆம் அல்லது இல்லை. பருவம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார், அது சரியாகவும் வருகிறது என்று எழுத அங்கே இடம் இல்லை. படிப்பை நிறுத்தினால் குடும்பத்தில் பாதிப்பு வரும் என்று அஞ்சுகிறீர்களா, ஆம் அல்லது இல்லை. இந்தக் கேள்வியில் நின்றுவிட்டேன். என் நிலைமை அதற்கு நேர் எதிரானது. நான் நிறுத்தினால் குடும்பம் நன்றாகிவிடும்.

யோசித்துப் பாருங்கள். நான் படிப்பை விட்டால் அப்பாவுக்குக் காத்திருக்கக் காரணம் இல்லை. கையெழுத்துப் போடுவார், குழாய் வரும், சம்பா நடலாம். நான் தொடர்ந்தால், வாய்க்காலின் கடைமடையில் இருக்கும் எங்கள் வயல் இன்னும் நாலு வருடம் காயும். குறுவை ஏற்கெனவே போய்விட்டது. சம்பாவுக்குத் தண்ணீர் இல்லையென்றால் அந்த வருடத்தில் ஒன்றுமே இல்லை. பதிவை ரத்து செய்ய எனக்கு ஆகஸ்ட் கடைசி வரை நேரம் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில்தான் ஊரில் நாற்று விட வேண்டும். இரண்டு நாட்காட்டிகளும் ஒரே வாரத்தில் வந்து முட்டின.

இங்கே வாங்கும் பட்டத்தோடு நேராக வந்து நம் ஊர்க் கோர்ட்டில் நிற்க முடியாது என்று அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அங்கீகாரம், தனித் தேர்வு என்று ஏகப்பட்டது இருக்கிறது. "அது வர்றப்ப பாத்துக்கலாம்" என்று முடித்திருந்தார். அவர் காத்திருந்தது பட்டத்துக்கு இல்லை போலும்.

கயலுக்குப் போன் செய்தேன். அவளும் நானும் பேசுவது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பார்கள்.

"எங்க வீட்லயும் அதே கதைதான்க்கா" என்றாள். "யாராவது சமரசம்னு வாயெடுத்தா, கயல் முடிச்சிட்டு வரட்டும்ங்கறாரு எங்கப்பா. எனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்துச்சு. வீட்ல எழவு விழுந்த மாதிரி உக்காந்திருந்தாங்க. கேஸ் ஆறு மாசம் தள்ளிப் போச்சாம்."

"எந்தப் பேப்பர்?"

"சொத்துச் சட்டம்."

இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு, நான் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிப்பதைச் சொன்னேன். கயல் சிரிப்பை நிறுத்தினாள்.

"நீ விட்டா எங்கப்பா ஜெயிச்சிட்டோம்பாரு. பெரியப்பா இன்னும் முறுக்கிக்குவாரு. கையெழுத்தெல்லாம் போட மாட்டாரு. அப்புறம் என்னையும் விடச் சொல்லுவாங்க, இனிமே எதுக்குன்னு. எனக்கு இந்தப் படிப்பு இப்பதான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. விடாதக்கா."

என் கணக்கில் நான் சேர்க்காமல் விட்ட ஆள் அவள்.

தொழில்நெறி

வழி உளுந்திலிருந்து கிடைத்தது. ஜனவரியில் அவசரமாக முடித்த தொழில்நெறிப் பாடத்தில் ஒரு விதி: தனக்கே ஆதாயம் உள்ள விவகாரத்தில் வழக்கறிஞர் ஒரு தரப்புக்காக ஆஜராகக் கூடாது. கயலிடம் கேட்டேன். அவள் பாடத்திலும் அது இருந்தது. அப்பாவின் வயலில் எனக்கு நாளைக்குப் பங்கு உண்டு. சித்தப்பாவின் வயலில் அவளுக்கும் உண்டு. ஆகவே உலகத்தில் எத்தனை வக்கீல்கள் இருந்தாலும், இந்த வாய்க்காலுக்கு மட்டும் ஆஜராகக் கூடாதவர்கள் நாங்கள் இருவர்தான். அவரவர் வீட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமை சொல்வது என்று பேசிக்கொண்டோம்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். நாலு வருடம் ஆனாலும், பத்து வருடம் ஆனாலும், இந்த வழக்கில் நான் வர முடியாது என்பதைச் சொன்னேன். வயலில் எனக்குப் பங்கு இருப்பதுதான் தடை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். உனக்குப் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துடு. சம்பந்தமில்லாத ஆளாயிடுவேல்ல? அப்ப ஆஜராகலாம்ல?"

வயலை எனக்குக் காப்பாற்றித் தருவதற்காக, அந்த வயலிலிருந்து என்னை நீக்கிவிட யோசனை சொன்னார். முழு அன்போடுதான் சொன்னார். ஒரு பொறியாளராக அந்தத் தீர்வின் நேர்த்தியை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். தடை எது என்று கண்டு, அதை எடுத்துவிட்டார்.

"எழுதிக் குடுத்துட்டா எனக்கும் அந்த வயலுக்கும் சம்பந்தம் இல்லப்பா. சம்பந்தமில்லாத வயலுக்கு நான் எதுக்கு வரணும்?"

அப்பா கேட்டார்: "அப்ப எதுக்குத்தான் சட்டம் படிக்கிற?"

கம்பளக் கடையைச் சொன்னேன். அந்த வழக்கறிஞர் கேட்ட கேள்வியையும் சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

"அதைத்தான் உன் சித்தப்பன் என்னைக் கேக்கறான். வாய்க்கால் இவ்வளவு அகலம் இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்னு" என்றார். சிரிக்கவில்லை. "அப்ப நீ வரமாட்டே."

"கேஸுக்கு வரமாட்டேன்ப்பா. வயலுக்கு வருவேன்."

"தண்ணி இல்லாத வயலுக்கு வந்து என்ன பண்ணுவே" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்ன சமைத்தேன் என்று கேட்டார்.

அன்று மாலை கயல் ஒரு செய்தி அனுப்பினாள். சித்தப்பாவும் அவளிடம் விடுதலைப் பத்திரம் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருடம் ஆகிறது. ஆனால் ஒரே நாளில் ஒரே யோசனை.

ஆகஸ்ட்

அடுத்த ஞாயிறுகளில் அப்பா போனுக்கு வரவில்லை. வயலில் இருக்கிறார் என்றார் அம்மா. தண்ணீர் இல்லாத வயலில் என்ன செய்கிறார் என்று நான் கேட்கவில்லை.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் போய், மூன்று மணி நேர வகுப்பில் இருந்துவிட்டு, மழையில் திரும்புவேன். ஒவ்வொரு வாரமும் பதிவுப் பக்கத்தைத் திறந்து, ரத்து செய்யும் பொத்தானைப் பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் சின்னதாக இருக்கும். நான் நிறுத்துவதால் தண்ணீர் வருமா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. கயல் சொன்னதுதான் சரி என்பதற்கும் சான்று இல்லை. நிறுத்தினால் அப்பா முகத்தில் என்ன தெரியும் என்று யோசித்தேன். நிம்மதி தெரியும் என்று நினைக்க முடியவில்லை. ஆகஸ்ட் கடைசி நாளில், மதிய உணவு இடைவேளையில், கடைசியாக ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதையும் அழுத்தாமல் மூடினேன். பதிவு உறுதியானது என்று மறுநாள் காலை மின்னஞ்சல் வந்தது. ஊரில் அந்த வாரம் எங்களைத் தவிர எல்லோரும் நாற்று விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார்.

செப்டம்பர் நடுவில் கயல் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்களுடைய குறுவை சாய்கிற பதத்தில் இருந்தது. மேற்கே மழை கட்டியிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. அறுவடை மெஷின் சாலையில் வந்து நின்றது. முள்வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. யாரும் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. மெஷின் எங்கள் வயலோரமாக ஏறிப் போனது. அப்பா தூரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒரு டிராக்டரில் சிமென்ட் குழாய்கள் வந்து இறங்கின. வாய்க்காலைத் தோண்டும்போது சித்தப்பாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதாகக் கயல் சொன்னாள்.

அந்த ஞாயிறு அப்பாவே கூப்பிட்டார். வழக்கைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதை வக்கீலிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார் என்பது தெரிந்தது.

"இதெல்லாம் வழக்குக்குப் பாதகமில்லாம, தற்காலிக ஏற்பாடு. தெரிஞ்சுக்க."

தெரிந்துகொண்டேன் என்றேன். நாற்று பின்தங்கிவிட்டதால் பக்கத்து ஊரில் வாங்கி நட்டிருக்கிறார். குறுகிய கால ரகம். பிந்திய நடவுக்கு அதுதான் சரி என்று அரை மணி நேரம் விளக்கினார். பாடங்களைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டார்.

இப்போதைய நிலை

இந்தப் பருவத்தில் இரண்டு பாடங்கள் படிக்கிறேன்: சான்றுச் சட்டம், நிர்வாகச் சட்டம். சொத்துச் சட்டம் கட்டாயப் பாடம் என்பதால் அடுத்த ஆண்டு எடுக்க வேண்டும். தண்ணீர்ச் சட்டம் என் திட்டத்தில் இல்லை. கயல் அரியர் பேப்பரை எழுதிவிட்டாள், முடிவு வரவில்லை. விடுதலைப் பத்திரம் யாரும் எழுதவில்லை. எங்கள் வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. இம்முறை வாய்தா வாங்கியது வக்கீல் வீட்டுக் கல்யாணத்துக்காக.